பொங்கும் பசை: பாலியூரித்தேன் பசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொழில்முறைத் தச்சன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் மரத்தூள் பறக்கவிட்டு வீட்டாரிடம் திட்டு வாங்குகிறவன். உடைந்த ஸ்டூல், ஊறிப்போன ஜன்னல் சட்டம், ஆடும் நாற்காலி என்று உறவினர்களும் பக்கத்து வீட்டாரும் கொண்டுவரும்போது கூடவே வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒட்டும் வேலையில் செய்யக்கூடிய தப்புகளில் பலவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

பாலியூரித்தேன் பசை என்றால் என்ன? ஃபெவிகால் மாதிரிதானே?

இல்லை. இரண்டும் காயும் விதமே தலைகீழ். வெள்ளைப் பசைக்குள் தண்ணீர் இருக்கிறது. மரம் அதைக் குடித்துக்கொள்ளும், மிச்சம் காற்றில் போகும், பசை இறுகும். பாலியூரித்தேன் பசைக்குள், சுருக்கமாக பி.யூ. பசைக்குள், தண்ணீரே கிடையாது. பார்க்க வெல்லப்பாகு மாதிரி தேன் நிறத்தில் இருக்கும். மரத்திலும் காற்றிலும் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது. ஈரம் கிடைக்காவிட்டால் காயாது.

அந்த ஈரம் பசையிலுள்ள ஐசோசயனேட் என்ற பொருளோடு சேரும்போது கரியமில வாயு வெளியாகிறது. அதனால்தான் பசை நுரைத்துப் பொங்குகிறது. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதற்கும் இதே வாயுதான் காரணம், ஆனால் அங்கே அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள், இங்கே வெறும் வேதியியல். இந்த வேதியியலின் தொடக்கம் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில், 1937-ல் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் செய்த வேலை. மெத்தை நுரை, செருப்பு அடிப்பாகம், ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் நுரை, எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

கடையில் "பி.யூ." என்று கேட்டால் வேறு எதையோ எடுத்துக் கொடுக்கிறார்களே?

கொடுக்கத்தான் செய்வார்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் பி.யூ. என்றால் முதலில் நினைவுக்கு வருவது பி.யூ. பாலிஷ், அதாவது கதவுக்கும் அலமாரிக்கும் அடிக்கும் மேல்பூச்சு. அடுத்தது, நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் பீய்ச்சும் ஸ்பிரே நுரை. மூன்றாவது, துப்பாக்கி போன்ற கருவியில் மாட்டிப் பிதுக்கும் பி.யூ. சீலன்ட். அது காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி வளையும். விரிசல் அடைக்க அருமையானது, ஆனால் நாற்காலிக் காலை நிறுத்தாது.

நமக்கு வேண்டியது "மரம் ஒட்டும் பி.யூ. பசை, ஒரே பாட்டில், கலக்க வேண்டாத ரகம்". இப்படி முழுசாகக் கேளுங்கள். பாட்டிலின் பின்பக்கம் "ஒரு பரப்பை ஈரப்படுத்தவும்", "இறுக்கிப் பிடிக்கவும்" என்று போட்டிருந்தால் சரியான சாமான். சின்னப் பாட்டிலாகவே வாங்குங்கள். காரணம் கடைசிக் கேள்வியில்.

எந்த வேலைக்கு இது, எந்த வேலைக்கு வெள்ளைப் பசையே போதும்?

வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமான், மூட்டு நன்றாகப் பொருந்துகிறது, இரண்டு பக்கமும் மரம். இதற்கு வெள்ளைப் பசையே போதும். விலை குறைவு, கையில் பட்டால் தண்ணீரில் போய்விடும், பலத்திலும் குறைவில்லை.

பி.யூ. பசையை நான் எடுப்பது சில இடங்களில்தான். மழைச்சாரல் படும் ஜன்னல் சட்டம், மொட்டைமாடி பெஞ்சு. மரத்தோடு மரமல்லாத ஒன்று சேரும் இடம்: மரத்தில் கல், மரத்தில் இரும்பு, மரத்தில் ஓடு. அப்புறம், மரம் முழுசாகக் காயாமல் லேசான ஈரத்தோடு இருக்கும்போது. வெள்ளைப் பசைக்கு ஈரமரம் ஆகாது. பி.யூ. பசைக்கு ஓரளவு ஈரம் உதவி. மழைக்காலத்தில் ஊறிய ஜன்னலை ஒரு மாதம் வெயிலில் போட்டுக் காத்திருக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் தொட்டால் கையில் தண்ணீர் ஒட்டும் அளவுக்கு ஊறிய மரத்தில் இதுவும் வேலைக்கு ஆகாது. மரம் பிறகு காயும்போது சுருங்கி மூட்டையே பிளந்துவிடும்.

தண்ணீர் தெளிக்க வேண்டுமா?

லேசாக. ஒரு பக்கம் ஈரத்துணியால் துடையுங்கள், எதிர்ப்பக்கம் பசை தடவுங்கள். மரம் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் போதும், பளபளவென்று தண்ணீர் நிற்கக் கூடாது. தண்ணீர் கூடினால் நுரை கூடும், நுரை கூடினால் பலம் குறையும். கடலோர ஊரில் ஐப்பசி மழை நேரம் என்றால் நான் தண்ணீரே தொடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பதே போதும். சித்திரை வெயிலில், அதிலும் வறண்ட உள்மாவட்டங்களில், துணியால் ஒரு துடைப்பு கட்டாயம்.

எவ்வளவு பசை தடவுவது?

நீங்கள் நினைப்பதில் பாதி. பொதுவாகக் கிடைக்கும் பசைகள் மூன்று நான்கு மடங்கு பொங்கும். வெள்ளைப் பசைப் பழக்கத்தில் கோடு கோடாகப் பிழிந்தால் மறுநாள் காலையில் சாமானைத் தேட வேண்டியிருக்கும். ஐஸ் குச்சி அல்லது காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் மெல்லிய படலமாக இழுத்துவிடுங்கள். மரத்தின் நிறம் படலத்துக்குக் கீழே தெரிய வேண்டும்.

இடைவெளியை அதுவே நிரப்பிக்கொள்ளும் என்கிறார்களே? ஆடும் நாற்காலிக்கு ஊற்றிவிட்டால் போதுமா?

போதாது. என்னிடம் அடிக்கடி வரும் கேள்வியும் இதுதான், நானே விழுந்த குழியும் இதுதான்.

அம்மாவின் முக்காலி ஒன்று இருந்தது. ஒரு கால் கழன்று கழன்று வரும். கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் காலின் முனை, தேய்ந்துபோய் லொடலொட என்று ஆடியது. புதிதாக வாங்கிய பி.யூ. பசையைத் துளைக்குள் தாராளமாக ஊற்றி, காலைச் செருகி, ஒரு சணல் கயிற்றை ஒப்புக்குச் சுற்றிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் அம்மாவின் குரல்தான் எழுப்பியது: "என்னடா இது, மாவு பொங்கி வழிஞ்சிருக்கு!" நுரை காலைச் சுற்றி வழிந்து தரையில் பிடித்திருந்தது. அதைவிட மோசம், உள்ளே பொங்கிய நுரை காலைத் துளையிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. முக்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அப்படியே இறுகிவிட்டது.

சாய்ந்தாலும் ஆடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதத்தில் மறுபடியும் ஆடியது. எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். காலை உருவி, உள்ளே இருந்த நுரையை நகத்தால் கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது தெர்மாகோல் தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விஷயம் அதுதான். பசையின் பலம் இரண்டு மரப்பரப்புகளும் நெருங்கி அமரும் இடத்தில், நடுவே இருக்கும் மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. அங்கே நுரைக்க இடமில்லாததால் பசை கெட்டியாக இறுகும். இடைவெளியில் பொங்கியது காற்றுக் குமிழி நிறைந்த கூடு. சந்தை மூடும், தண்ணீர் போவதைக் கொஞ்சம் தடுக்கும், பாரம் தாங்காது. நாற்காலியில் ஆள் உட்காரும்போது மூட்டில் ஏறும் நெம்புவிசைக்கு முன்னால் அந்தக் கூடு நிற்காது.

ஆடும் நாற்காலிக்கு என்ன செய்வது? முதலில் மூட்டைக் கொட்டாப்புளியால் தட்டிக் கழற்றுங்கள். இரும்புச் சுத்தியல் மட்டும் இருந்தால் நடுவே ஒரு மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். பழைய பசையை உளியாலும் உப்புத்தாளாலும் சுரண்டி, புது மரம் தெரியும்வரை எடுங்கள். பழையது வெள்ளைப் பசையாக இருந்தால் வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும், பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் பசை இல்லாமல் கழுந்தைச் செருகிப் பாருங்கள். கையால் தள்ளினால் லேசான தடையோடு இறங்க வேண்டும். லொடலொடத்தால், இழைப்புளியில் வரும் சீவல் ஒன்றை வெள்ளைப் பசையால் கழுந்தைச் சுற்றி ஒட்டிக் காயவிட்டுப் பருமனாக்குங்கள். திரும்பச் செருகிப் பாருங்கள். பொருத்தம் வந்த பிறகுதான் பி.யூ. பசை, அதுவும் மெல்லிய படலம். பிறகு இறுக்கு.

முக்காலியை ஆசாரி இப்படித்தான் சரிசெய்தார். கடைசியில் ஒட்டியது வெள்ளைப் பசையால். நான் வாங்கிய பாட்டிலை அவர் திறக்கக்கூட இல்லை.

என்னிடம் கிளாம்ப் இல்லை. சும்மா கையால் பிடித்தால் ஆகாதா?

இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நிற்க முடியும் என்றால் ஆகும். சாதாரண ரகப் பசைக்கு அவ்வளவு நேர அழுத்தம் வேண்டும், சில ரகங்களுக்கு இன்னும் அதிகம். முழுப் பலம் வர 24 மணி நேரம் விடுங்கள். மற்ற பசைகளில் கிளாம்ப் சோம்பேறித்தனத்தை ஓரளவு மன்னிக்கலாம். இதில் மன்னிக்க முடியாது, ஏனென்றால் உள்ளே பொங்கும் நுரை பரப்புகளைப் பிரிக்கப் பார்க்கும். நுரைக்கு எதிராக நீங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கடையில் வாங்கும் ஜி-கிளாம்ப் நல்ல முதலீடு. அது இல்லாதபோது எனக்குப் பிடித்தது பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். நீளவாக்கில் ஒரு அங்குல அகலத்துக்கு வெட்டி, முழுசாக இழுத்து, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்றாகக் கட்டுங்கள். ஒவ்வொரு சுற்றும் அழுத்தத்தைக் கூட்டும். வளைந்த நாற்காலிக் காலுக்கும் உடைந்த குடைப் பிடிக்கும் இதற்கு நிகர் இல்லை. நாற்காலியின் நாலு காலையும் சேர்த்து இறுக்க, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சியைச் சட்டத்தில் மாட்டிவிடலாம். தட்டையான பலகை என்றால் மேலே அம்மிக்கல்.

கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவே, சாமானுக்கும் தரைக்கும் நடுவே, கழுவித் துடைத்த பால் கவரை வெட்டி வையுங்கள். பால் கவர் பாலிஎத்திலீன். இந்தப் பசை ஒட்டாத பொருள்களில் அதுவும் ஒன்று, காய்ந்ததும் அப்படியே உரிந்து வரும். செய்தித்தாள் வைத்தால் அன்றைய தலைப்புச் செய்தி முக்காலியில் நிரந்தரமாகிவிடும்.

தேக்கில் ஒட்டுமா?

ஒட்டும், ஒரு நிபந்தனையோடு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. வெட்டி நாளானால் அது மேற்பரப்புக்குக் கசிந்து வந்து பசையைத் தடுக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன்பு உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் தட்டி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது பறந்ததும் உடனே ஒட்டிவிடுங்கள். நேற்றுத் தேய்த்தது இன்றைக்குக் கணக்கில் வராது. வேம்பு, பலா, ரப்பர் மரம், பிளைவுட் ஆகியவற்றுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை.

வழிந்த நுரையை உடனே துடைக்கலாமா?

வேண்டாம், கை அரித்தாலும் பொறுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மரத்தின் கண்களுக்குள் இழுபட்டுப் பரவும். பின்னால் வார்னிஷ் அடிக்கும்போது அந்த இடம் நிறம் ஏறாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். நுரை முழுசாக இறுகியதும் கூரான உளியால் மட்டமாகச் சீவுங்கள், பிறகு உப்புத்தாள். சுகமாக வரும். சீவிய இடத்தில் குமிழி ஓட்டைகள் தெரிந்தால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம். பாலிஷ் போடப்போகும் சாமான் என்றால் மூட்டின் ஓரத்தில் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

கையில் ஒட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

இறுகும் முன்பு என்றால் உலர்ந்த துணியால் துடைத்து, சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்பு. இறுகிய பிறகு வீட்டில் இருக்கும் எதுவும் அதைக் கரைக்காது. தோல் கறுத்து, நாலைந்து நாளில் தானாக உதிரும்வரை அந்தக் கையோடுதான் கல்யாணத்துக்குப் போக வேண்டும். போயிருக்கிறேன். கையுறை போடுங்கள். துணியில் பட்டால் துணியை மறந்துவிடுங்கள்.

உடம்புக்குக் கெடுதலா?

காய்ந்த பிறகு பெரிய கவலை இல்லை. காயும் முன்பு கவனம் வேண்டும். ஐசோசயனேட் சிலருக்குத் தோல் அலர்ஜியையும் ஆஸ்துமாவையும் தூண்டும். ஒருமுறை உடம்பு பழகி எதிர்க்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே தொந்தரவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், எதோடும் சேராமல் தனியாக இருக்கும் டைஐசோசயனேட் (ஐசோசயனேட்டில் ஒரு வகை) 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களைத் தொழிலாகப் பயன்படுத்துகிறவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை ஆசாமிகளுக்கு அந்த விதி இல்லை என்றாலும் ஜன்னலைத் திறந்து வைப்பதில் நஷ்டம் இல்லையே. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மாடியில் வைத்து ஒட்டுங்கள். காய்ந்த நுரையைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

இன்னொன்று. வெட்டிய நுரையையும் ஒட்டிய மரத்துண்டையும் அடுப்பில் போடாதீர்கள். பாலியூரித்தேன் எரியும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. இதே காரணத்தால், வாணலிக் கைப்பிடி போன்ற சூடு ஏறும் சாமான்களை இதால் ஒட்டக் கூடாது.

நாய் வளர்ப்பவர்கள் பாட்டிலை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதைத் தின்ற நாயின் வயிற்றிலுள்ள ஈரத்தில் பசை பொங்கிக் கல் மாதிரி உருண்டையாகிவிடும், பல நேரம் அறுவைசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டிவரும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தண்ணீர் தாங்கும் என்கிறார்கள். எந்த அளவுக்கு?

பாட்டிலில் "டி4" என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.என். 204 என்ற ஐரோப்பியத் தரத்தில் டி1 முதல் டி4 வரை நான்கு படிகள், அதில் உச்சம் இது. டி4 சோதனையில் ஒட்டிய மரத்தை 6 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரிலும், பிறகு 2 மணி நேரம் குளிர்ந்த தண்ணீரிலும் போட்டு எடுத்து இழுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் தாங்க வேண்டும். மழைக்கும் சாரலுக்கும் இது தாராளம். அதற்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் எப்போதும் மூழ்கியிருக்கும் சாமானுக்கு நம்பாதீர்கள். வெயில் நேராகப் பட்டால் காய்ந்த பசை மஞ்சளாகிப் பழுப்பேறும், ஆகவே வெளியே வைக்கும் சாமானுக்குப் பெயின்ட் ஒரு கோட் அடியுங்கள்.

பிளாஸ்டிக், செருப்பு, கடப்பா கல்?

பக்கெட், பிளாஸ்டிக் நாற்காலி, டப்பா மூடி: ஒட்டாது. அவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மேலே சொன்ன பால் கவர் கதைதான்.

செருப்புக்கு அதற்கென்றே உள்ள ரப்பர் பசை நல்லது. நாலு வருடம் பெட்டியில் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறது என்று ஒருவர் கொண்டுவந்தார். அந்த அடிப்பாகமே பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே அறுத்துவிட்டது. அதற்குப் பசை கிடையாது, புது ஷூதான்.

கடப்பா கல் அலமாரியின் உடைந்த மூலை, மரத்தில் பதிக்கும் ஓடு, இவை ஒட்டும். ஆனால் உடைந்த துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் நடுவே பள்ளம் இருந்தால் இரண்டு குழாயைக் கலந்து போடும் எபாக்ஸிதான் சரி. அது பொங்காது, இடைவெளியைக் கெட்டியாகவே நிரப்பும். இரும்போடு கண்ணாடி மாதிரி ஈரம் புகாத இரண்டு பரப்புகளுக்கும் எபாக்ஸியே மேல்.

இதால் ஒட்டவே கூடாத சாமான் ஏதாவது?

ஊஞ்சல் பலகை. பிளந்த பலகையைப் பசையை மட்டும் நம்பி ஒட்டிக் குழந்தையை உட்காரவைக்காதீர்கள், பலகையை மாற்றுங்கள். வீணை, தம்புரா போன்ற வாத்தியங்களும் கூடாது. பின்னால் பழுதுபார்க்க அவற்றைப் பிரிக்க வேண்டிவரும், இந்தப் பசையைப் பிரிக்க மரத்தையே உடைக்க வேண்டும். தாத்தா காலத்து மேசைக்கும் அதே பேச்சு. சப்பாத்திப் பலகைக்கு, உணவுச் சாமானுக்கு ஏற்றது என்று பாட்டிலிலேயே எழுதியிருந்தால் ஒழிய நான் போடமாட்டேன்.

பாதிப் பாட்டில் அப்படியே இறுகிவிட்டது. என்ன தப்புச் செய்தேன்?

ஒருவேளை ஒன்றுமே செய்யவில்லை. ஒருமுறை திறந்தால் உள்ளே போகும் காற்றில் உள்ள ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிடும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். மூடும் முன்பு பாட்டிலை மெதுவாக அமுக்கி, பசை வாய்வரை ஏறிக் காற்று வெளியே போனதும் அப்படியே மூடியைத் திருகுங்கள். வாயைத் துடைக்காமல் மூடினால் மூடியே ஒட்டிக்கொள்ளும். பிறகு, புது பையிலோ மருந்து டப்பாவிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு ஜிப் கவருக்குள் போட்டு வையுங்கள். நான் தலைகீழாக நிறுத்தி வைக்கிறேன். அப்படியும் மேலே ஆடை கட்டியிருந்தால், கம்பியால் குத்திப் பார்த்து உள்ளே இருப்பது இன்னும் பாகாக ஓடினால் பயன்படுத்தலாம். ஜவ்வு மாதிரி இழுத்தால் குப்பைக்கு.

மூடி திறக்கவே இல்லை என்றால் பல்லால் கடிக்காதீர்கள். குறடு எடுத்துத் திருகுங்கள்.